ஐந்து யூனிட் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?

கேள்வி இதுதான். வீட்டுக்கு 5 யூனிட் கொள்ளளவில் ஒரு லித்தியம் பேட்டரி வாங்கலாம் என்று ஒருவர் நினைக்கிறார். ஒரு விற்பனையாளர், "ஒரு நாள் முழுக்க வரும்" என்கிறார். இன்னொருவர், "நாலு மணி நேரம் வந்தாலே அதிகம்" என்கிறார். யார் சொல்வதை நம்புவது? இரவு முழுக்க ஏசி ஓடுமா? அப்பாவுக்கு ஆக்சிஜன் கருவி தேவைப்படுகிறது, கரண்ட் போனால் அது என்ன ஆகும்?

இரண்டு விற்பனையாளர்கள் சொன்னதும் உண்மைதான். 180 வாட் இழுக்கும் வீட்டில் அந்தப் பேட்டரி ஒரு நாள் வரும். 1,100 வாட் இழுக்கும் வீட்டில் நாலு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதனால் கடையில் போய் "எத்தனை மணி நேரம் வரும்" என்று கேட்பதற்கு முன், நம் வீடு எவ்வளவு இழுக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அந்தக் கணக்கு தெரியாமல் வாங்கிவிட்டு, முதல் நீண்ட மின்வெட்டில் இருட்டில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன். கஷ்டமாக இருக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பேட்டரியில் எழுதியிருக்கும் எண். இந்த அளவுப் பேட்டரியின் முதுகில் பெரும்பாலும் 51.2 வோல்ட், 100 ஆம்பியர் மணி என்று இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 5,120 வாட் மணி, அதாவது 5.12 யூனிட். மின் கட்டணத்தில் வரும் அதே யூனிட்தான். 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஆனால் இது அத்தனையும் நம் கைக்கு வராது. அடியில் ஒரு 10 சதவீதத்தை விட்டுவைப்பது பேட்டரிக்கு நல்லது. பல இன்வெர்ட்டர்களில் அப்படித்தான் செட் செய்து கொடுப்பார்கள். மிச்சம் 4.6. அது டிசி கரண்ட்; வீட்டுச் சாதனங்களுக்கு வேண்டிய ஏசி கரண்டாக மாற்றும்போது இன்வெர்ட்டரில் ஒரு 6 சதவீதம் சூடாகப் போய்விடும். கடைசியில் சுவிட்ச் போர்டுக்கு வந்து சேருவது சுமார் 4.3 யூனிட். இனிமேல் 5-ஐ மறந்துவிட்டு இந்த 4.3-ஐ வைத்தே யோசியுங்கள்.

இப்போது ஒரு இரவைப் போட்டுப் பார்ப்போம். மாலை 6 மணிக்குக் கரண்ட் போகிறது, காலை 6 மணிக்குத்தான் வருகிறது. 11 மணி வரை இரண்டு ஃபேன், 9 வாட் எல்இடி விளக்கு நாலு, டிவி, வைஃபை ரவுட்டர், ஃப்ரிட்ஜ் ஓடுகின்றன. 11 மணிக்கு மேல் விளக்கும் டிவியும் இல்லை, ஃபேன் மட்டும் மூன்று. ஃபேன்கள் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி ரகம், ஒன்று 30 வாட் என்று வைப்போம். டிவி 60, ரவுட்டர் 10. ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் ஓடும்போது 100, 150 வாட் இழுக்கும். ஆனால் அது விட்டுவிட்டுத்தான் ஓடும். ஒரு நாளைக்கு 1.2 யூனிட் எடுக்கும் ஃப்ரிட்ஜ் என்றால் சராசரி 50 வாட். அப்புறம் பலரும் மறந்துபோகிற ஒன்று: இன்வெர்ட்டர் சும்மா ஆன் ஆகி நிற்பதற்கே ஒரு 40 வாட் தின்னும். கூட்டினால் 11 மணி வரை 256 வாட், ஐந்து மணி நேரத்துக்கு 1.28 யூனிட். அதன்பின் 190 வாட், ஏழு மணி நேரத்துக்கு 1.33 யூனிட். மொத்தம் 2.6. காலையில் இன்னும் 1.7 யூனிட் கையில் இருக்கும்.

அதே வீட்டில், அதே இரவில், ஃபேன் மட்டும் பழைய 75 வாட் ரகம் என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். கூடுதலாக 1.4 யூனிட் போய்விடும். மொத்தம் 4 யூனிட். விடியும்போது பேட்டரி கிட்டத்தட்ட காலி. இதனால்தான் பேட்டரி போதவில்லை என்று யாராவது சொன்னால், இன்னொரு பேட்டரி வாங்கச் சொல்வதற்கு முன்னால் நான் அவர்கள் வீட்டுக் கூரையைத்தான் பார்ப்பேன். மூன்று ஃபேனை மாற்றுவது, அந்த வீட்டைப் பொறுத்தவரை, பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கைக் கூடுதலாக வாங்கியதற்குச் சமம்.

ஏசிக்கு வருவோம். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி, அறை குளிர்ந்து நிலைக்கு வந்த பிறகு சராசரியாக 700 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். வெளியே வெப்பம் கடுமையாக இருந்தால் கூடும், அறை சின்னதாக, கதவு ஜன்னல் இறுக்கமாக இருந்தால் குறையும். மேலே சொன்ன 190 வாட்டோடு சேர்த்தால் 890. பேட்டரி ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். 11 மணிக்கு முழு சார்ஜோடு படுத்தால் நாலு மணிக்கு முன்பே வியர்த்து எழுந்துவிடுவீர்கள். இரவு முழுக்க ஏசி வேண்டும் என்றால் 10 யூனிட்டுக்குக் குறையாமல் வேண்டும். இல்லையென்றால் படுக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரம் ஏசி, பிறகு ஃபேன் என்று பழகிக்கொள்ளலாம். அதற்கு இந்த 5 யூனிட் போதும்.

ஆக்சிஜன் கருவிக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஊகத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் வீட்டுக் கருவிகள் பொதுவாக 300 முதல் 350 வாட் வரை இழுக்கும், இடைவெளியே இல்லாமல். 350 என்றால் 12 மணி நேரத்துக்கு 4.2 யூனிட். அதாவது உங்கள் 5 யூனிட் பேட்டரி அப்பாவின் கருவி ஒன்றுக்கே சரியாகப் போய்விடும், இன்வெர்ட்டரின் சொந்தச் செலவைக் கணக்கில் சேர்த்தால் அதுவும் போதாது. ஃபேன், ஃப்ரிட்ஜ் எதுவும் கிடையாது. இந்த வீட்டுக்கு 10 யூனிட்டாவது வேண்டும். அதைவிட நல்லது, கருவிக்கென்று தனியாக ஒரு பேட்டரி, இன்வெர்ட்டர். வீட்டில் யாரோ ஹீட்டரைப் போட்டு ட்ரிப் ஆனாலும் கருவி நிற்காது. எது வைத்தாலும் நிரப்பிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று கட்டில் பக்கத்தில் இருந்தாக வேண்டும். எத்தனை மணி நேரத்துக்குரிய சிலிண்டர் என்பதை அவருக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஓர் உயிரைப் பேட்டரியிடம் மட்டும் ஒப்படைக்காதீர்கள் என்று கையைப் பிடித்துச் சொல்ல முடிந்தால் அப்படியே சொல்வேன்.

சரி, எந்தச் சாதனம் பேட்டரியைத் தின்னும், எது தின்னாது என்பதற்கு ஒரு சுலபமான அடையாளம் இருக்கிறது. எதையாவது சூடாக்குகிற சாதனமா என்று பாருங்கள். 50 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 2 யூனிட் வேண்டும். எவ்வளவு விலையுயர்ந்த கீசராக இருந்தாலும், தண்ணீரை நேரடியாகச் சூடாக்கும் கம்பிச்சுருள் ரகமென்றால், இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. தண்ணீரின் இயல்பு அது. அந்த 2 யூனிட்டில் ஒரு 9 வாட் விளக்கு 220 மணி நேரத்துக்கு மேல் எரியும். ஒன்பது நாள் இடைவிடாத வெளிச்சமும் ஒரு வேளைக் குளியலும் பேட்டரிக்கு ஒரே விலை.

அதே தண்ணீரை மாடிக்கு ஏற்றுவது எவ்வளவு என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 1,000 லிட்டரை 10 மீட்டர் உயரத் தொட்டிக்கு ஏற்ற, கணக்குப்படி தேவைப்படும் ஆற்றல் 0.03 யூனிட்கூட இல்லை. வீட்டு மோட்டார்கள் பாதிக்கு மேல் வீணடிக்கும் என்று வைத்தாலும் 0.1 யூனிட்டை ஒட்டித்தான் வரும். ஆழ்துளைக் கிணறு என்றால் உயரத்துக்கு ஏற்பக் கூடும், அவ்வளவுதான். தொட்டி நிறையத் தண்ணீர், பேட்டரியில் சில சதவீதம். ஆனாலும் "மோட்டாரைப் பேட்டரியில் போடாதே" என்று எல்லோரும் சொல்கிறார்களே, ஏன்? அதற்குக் காரணம் வேறு.

ஒரு குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்பது ஒன்று, வாய் எவ்வளவு அகலம் என்பது இன்னொன்று. யூனிட் என்பது குடத்தின் கொள்ளளவு. கிலோவாட் என்பது வாயின் அகலம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 1,000 வாட்டை ஒட்டித்தான் எடுக்கும். ஆனால் கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதைப்போல ஐந்து, ஆறு மடங்கு கரண்டை இழுக்கும். 3 கிலோவாட் இன்வெர்ட்டரின் வாய் அந்த நொடிக்குப் போதாமல் ட்ரிப் ஆகிவிடும். உள்ளே பேட்டரி நிறைய இருக்கும், ஒரு சொட்டு வெளியே வராது. மோட்டாரை மெல்லக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் ஒன்றைப் போட்டால் இந்தத் தொல்லை பெருமளவு அடங்கும். பேட்டரி வாங்கும்போது அதனால் இரண்டு எண்களையும் கேளுங்கள். உதாரணத்துக்கு, டெஸ்லாவின் வீட்டுப் பேட்டரிகளான பவர்வால் 2, பவர்வால் 3 இரண்டுக்கும் கொள்ளளவு 13.5 யூனிட்தான். முன்னது தொடர்ந்து 5 கிலோவாட் தரும், பின்னது அமெரிக்கச் சந்தையில் 11.5 கிலோவாட் வரை தரும். ஒரே குடம், வாய் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். இன்வெர்ட்டரில் விஏ என்று எழுதியிருந்தால் அதையே வாட் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1,000 விஏ என்பது பல மாடல்களில் 800 வாட்தான்.

உங்கள் வீடு எவ்வளவு இழுக்கிறது என்பதை அளக்க ஒரு கருவியும் வாங்கத் தேவையில்லை. டிஜிட்டல் மின்மீட்டரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்று அச்சிட்டிருப்பார்கள்: 3200, 1600, 1000 என்று மீட்டருக்கு மீட்டர் மாறும். 3200 என்றால், ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை விநாடி என்று பார்த்து, 1,125-ஐ அதனால் வகுத்தால் அந்த நிமிடத்தில் வீடு இழுக்கும் வாட் வந்துவிடும். 1600 என்றால் 2,250-ஐ வகுக்க வேண்டும், 1000 என்றால் 3,600-ஐ.

ஒருநாள் இரவு எல்லோரும் தூங்கிய பிறகு எங்கள் வீட்டு மீட்டரின் முன் கைப்பேசியில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விளக்கு, ஃபேன், ஃப்ரிட்ஜ் உட்பட எல்லா சுவிட்சையும் அணைத்தாயிற்று. மீட்டர் நின்றுவிடும் என்று பார்த்தால், 12 விநாடிக்கு ஒருமுறை சளைக்காமல் மின்னிக்கொண்டே இருந்தது. 94 வாட். எதுவுமே ஓடாத வீட்டில் 94 வாட்! ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிக்கொண்டே வந்தேன். செட்டாப் பாக்ஸ், ஸ்பீக்கர், ஏசியின் ஸ்டெபிலைசர், கணினிக்குப் பக்கத்திலிருந்த பழைய யுபிஎஸ். ஸ்டெபிலைசரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது, மாதக்கணக்கில் யாரும் அந்த ஏசியைப் போடவில்லை. கடைசிப் பிளக்கை எடுத்துவிட்டு வந்து பார்த்தபோது மின்னல் 45 விநாடிக்கு ஒன்றாகியிருந்தது. 25 வாட். இப்படி மிச்சப்படுத்திய 69 வாட், 12 மணி நேரத்தில் 0.8 யூனிட், உங்கள் 4.3-இல் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. பேட்டரி வாங்குகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இந்த ஒரு மணி நேர வேலையைத்தான். கரண்ட் இருக்கும்போது, சோலார் இல்லாத இரவு நேரத்தில் செய்யுங்கள். கரண்ட் போய்விட்டால் மீட்டர் மின்னாது.

லித்தியத்துக்குப் பதிலாக ஈய அமில பேட்டரி வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு இன்னும் கறாராக இருக்கும். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி என்றால் ஏட்டுப்படி 1.8 யூனிட். ஆனால் அந்த 150 என்பது பொதுவாக 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைப்பது, அதாவது 7.5 ஆம்பியர் வேகத்தில். 700 வாட் லோடு போட்டு 60 ஆம்பியரில் உறிஞ்சினால் அதில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தாலே பெரிது. வேகமாக இறக்க இறக்கக் கொள்ளளவு சுருங்கும் என்பதை வில்ஹெல்ம் பாய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் 1897-லேயே சூத்திரமாக எழுதிவிட்டார். போதாக்குறைக்கு, தினமும் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுளும் வேகமாகத் தேயும். விளக்கு, ஃபேன் போன்ற சின்ன லோடுக்கு, எப்போதாவது வரும் மின்வெட்டுக்கு ஈய அமிலம் இன்றும் நல்ல தேர்வுதான். தினசரி ஏற்றி இறக்குவதற்கு லித்தியம் பெரோபாஸ்பேட் என்ற லித்தியம் பேட்டரி ரகத்தின் பக்கம் போய்விடுங்கள். ஒன்றே ஒன்று, அதைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. குளிர்ப் பிரதேசத்தில் வைப்பவர்கள் ஹீட்டர் உள்ள மாடலா என்று கேட்க வேண்டும்.

சோலார் சேர்ந்தால் "எத்தனை மணி நேரம்" என்ற கேள்வியே மாறிவிடுகிறது. நல்ல வெயில் நாளில் 3 கிலோவாட் பேனல் 10 முதல் 12 யூனிட் வரை தரும். பகல் செலவு போக 5 யூனிட் பேட்டரி மதியத்துக்குள் நிரம்பிவிடும். இரவைத் தாண்டினால் போதும், மறுநாள் மறுபடி நிரம்பும். இப்படி மின் இணைப்பே இல்லாமல் வாரக்கணக்கில் ஓட்டலாம். ஆனால் அடர்ந்த மேகம் கவிந்த நாளில் அதே பேனல் 2 யூனிட் தருவதே பாடு. மின்சாரம் அதிகம் துண்டிக்கப்படுவதும் அதே புயல், மழை நாட்களில்தான். அதனால் பேட்டரியின் அளவை முடிவு செய்யும்போது வெயில் நாளை நினைக்காதீர்கள். தொடர்ந்து இரண்டு நாள் சூரியன் முகம் காட்டவில்லை என்றால் எதை மட்டும் ஓட்டுவீர்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். அந்தப் பட்டியலில் எனக்கு நாலே வரிதான் வந்தது: ஃப்ரிட்ஜ், இரண்டு ஃபேன், மூன்று விளக்கு, ரவுட்டர். அதிலும் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்திருந்தால் கரண்ட் இல்லாமலே நாலு மணி நேரம் குளிர் தாங்கும். நிறைந்திருக்கும் ஃப்ரீசர், மூடியே இருந்தால், இரண்டு நாள் வரை தாங்கும்.

சோலார் வைத்திருக்கும் பலருக்கும் தெரியாத ஒன்று: வெளி லைனோடு சேர்ந்து மட்டுமே ஓடும் சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், வெளியே கரண்ட் போன நொடியே தானும் நின்றுவிடும், உச்சி வெயில் அடித்தாலும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் ஊழியரை நம் வீட்டுக் கரண்ட் தாக்கிவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பேட்டரி வாங்கி மாட்டினால் மட்டும் இது சரியாகாது. வெளி லைனிலிருந்து வீட்டைத் துண்டித்துக்கொண்டு தனியாக ஓட்டத் தெரிந்த ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். வாங்கும்போது "வெளியே கரண்ட் இல்லாதபோது பேனல் பேட்டரியை நிரப்புமா" என்று இதே வார்த்தையில் கேளுங்கள்.

கட்டணத்தைக் குறைக்கத் தினமும் இரவில் பேட்டரியில் ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விடியற்காலை நாலு மணிக்குப் பேட்டரி 12 சதவீதத்தில் இருக்கும்போது கரண்ட் போனால் அது அரை மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம். எல்லா நல்ல ஹைப்ரிட் இன்வெர்ட்டரிலும் "இதற்குக் கீழே இறங்காதே" என்று ஒரு அளவு வைக்கலாம். நான் 40 சதவீதத்தில் வைத்திருக்கிறேன், புயல் எச்சரிக்கை வந்தால் 100 ஆக்கிவிடுவேன். அந்தச் சதவீத எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். லித்தியம் பெரோபாஸ்பேட் செல்லின் வோல்டேஜ் பெரும்பாலான நேரம் 3.2, 3.3 என்று ஒரே இடத்தில் நிற்கும், அதனால் உள்ளே எவ்வளவு மிச்சம் என்று கணிப்பது கஷ்டம். பல வாரம் முழுதாக நிரப்பாமலே ஓட்டினால் கணிப்பு பிசகி, 20 காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று பூஜ்யம் ஆகலாம். அவ்வப்போது 100 வரை நிரப்பினால் எண் நேராகிவிடும். வயதும் ஒரு கணக்கு. பத்து ஆண்டில் 70 சதவீதம் கொள்ளளவு என்பதுதான் பொதுவான உத்தரவாதம். இன்றைய 4.3 அன்றைக்கு 3 ஆகியிருக்கும், அதற்கும் இடம் விட்டு வாங்குங்கள்.

மாட்டி முடித்ததும் ஒரு வேலை பாக்கி. விடுமுறை நாள் ஒன்றில், வீட்டில் எல்லோரும் இருக்கும்போது, மாலை 6 மணிக்கு மெயின் சுவிட்சை நீங்களே இறக்கிவிடுங்கள். அப்பாவின் கருவி மட்டும் வேறு ஏற்பாட்டில் ஓடட்டும். காலை வரை வழக்கம்போல் இருங்கள். மணிக்கு ஒருமுறை சதவீதத்தை எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் அப்படிச் செய்தபோது பேட்டரி கணக்குப்படியே தாங்கியது. ஆனால் கழிவறை விளக்கு பேக்கப் லைனில் இல்லை என்பது ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா சுவரைத் தடவிக்கொண்டு போகும் சத்தம் கேட்டபோதுதான் தெரிந்தது. எழுந்து போய் டார்ச் அடித்தேன். காலையில் எலக்ட்ரீஷியன் வந்து ஒரே ஒரு வயரை மாற்றிக் கொடுத்தார், பத்து நிமிட வேலை.